ஆத்தா பட்டினி கிடக்கிறாள், நீங்க சாப்பிடுங்க

மாசி பாதி தாண்டினால் போதும், நகரத்து நண்பர்களிடமிருந்து எனக்கு ரெண்டு வகையான கேள்வி வரும். முதல் வகை: "இந்த விரதம், பட்டினி எல்லாம் மூடநம்பிக்கைதானே, நீங்களுமா?" ரெண்டாவது வகை: "பதினாறு மணி நேரம் வயித்தைக் காயப்போட்டா உடம்புக்கு நல்லதுன்னு இப்பத்தான் கண்டுபிடிக்கிறாங்க, நம்ம முன்னோர்கள் அப்பவே கண்டுபிடிச்சு விரதம்னு பேர் வெச்சுட்டாங்க பாத்தீங்களா!"

ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பதிவாக எழுதிவிடுகிறேன். ரெண்டு பேரோடும் எனக்கு ஒத்துப்போகாது என்பதையும் இப்பவே சொல்லிவிடுகிறேன்.

எங்க ஊர் லால்குடிக்கும் மண்ணச்சநல்லூருக்கும் நடுவில் இருக்கிறது. வாய்க்கால் பாசனம். ராத்திரி சாப்பிட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தால் விடியறதுக்குள் சமயபுரம் போய்விடலாம். அதனால் விரதம் என்று சொன்னால் எங்க பக்கத்து ஜனங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது ஏகாதசியும் இல்லை, சஷ்டியும் இல்லை. சமயபுரத்தாள் இருக்கும் பச்சைப் பட்டினிதான்.

தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம் விளக்கமா சொல்றேன். மாசிக் கடைசி ஞாயிறு சமயபுரத்தில் பூச்சொரிதல். எட்டரை, கோப்பு பக்கமிருந்தும் சுத்துப்பட்டு ஊர்களிலிருந்தும் கூடை கூடையாகப் பூ போகும். அன்றைக்குத் தொடங்கி 28 நாள் அம்மன் விரதம் இருக்கிறாள். நல்லா கவனிங்க, பக்தர்கள் விரதம் இருப்பது அப்புறம். முதலில் அம்மன் இருக்கிறாள். அந்த 28 நாளும் அவளுக்கு அடுப்பில் வேகவைத்த தளிகை நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், பழம், இதுதான் சாப்பாடு.

எல்லா ஊரிலும் மனுசன் சாமிக்காகப் பட்டினி கிடப்பான். இங்கே சாமி மனுசனுக்காகப் பட்டினி கிடக்கிறாள். இந்த ஒரு வரியை மட்டும் மனசில் வெச்சுக்கோங்க. கடைசி வரைக்கும் இது வேணும்.

பச்சைப் பட்டினி என்கிற பேரைப் பாருங்க. இதில் பச்சை என்பது நிறம் இல்லை. வேகாதது, அடுப்பு ஏறாதது என்று அர்த்தம். பச்சத் தண்ணி, பச்சரிசி, பச்ச மாவு என்று சொல்கிறோமே, அந்தப் பச்சை. துள்ளுமாவு என்பதும் ஊறவைத்த பச்சரிசியை இடித்து வெல்லம் போட்டுப் பிசைவதுதான். அதற்கு நெருப்பு வேண்டாம். உரலும் உலக்கையும் போதும். இன்றைக்கு மிக்சி.

இந்த விரதம் எப்படி வந்தது என்று கேட்டால் ரெண்டு கதை சொல்வார்கள். கோயில் கதைப்படி, மகிஷாசுரனைக் கொன்ற தேவிக்குக் கோபம் அடங்கவில்லை. சூடு தணியவில்லை. கொன்ற தோஷமும் இருக்கிறது. அதைத் தீர்க்க மஞ்சள் ஆடை உடுத்தி, வேப்பமரக் காட்டில், அடுப்பேறாத ஆகாரம் மட்டும் எடுத்துத் தவம் இருந்தாள். அப்படித் தவம் இருந்த இடம் இந்தக் கண்ணனூர். தவம் முடிந்து கோபம் தணிந்தவள் மாரியம்மன் ஆனாள். சமயபுரத்துக்குப் பழைய பேர் கண்ணனூர் என்பது சரித்திரத்திலும் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் கர்நாடகத்து ஹொய்சாளர்கள் தமிழ்நாட்டில் தலைநகர் வைத்திருந்த ஊர் அதுதான். அவர்கள் கட்டிய போஜீசுவரர் கோயில் இன்றைக்கும் இருக்கிறது. இப்போது பஸ்ஸை விட்டு இறங்கி நேரே அம்மனிடம் போகிற கூட்டத்தில் நூத்துக்கு ஒருத்தர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் அதிசயம்.

ஊர்ஜனங்கள் சொல்லும் கதையில் அசுரன் பெரிதாக வருவதில்லை. "பிள்ளைங்களுக்கு நோய் நொடி வரக்கூடாதுன்னு பெத்தவ பட்டினி கிடக்கிறா" என்று முடித்துக்கொள்வார்கள். ஒரே வரிக் கதை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அம்மாவுக்குச் சோறு இறங்காது இல்லையா, அந்த மாதிரி. கோயிலிலும் இப்போது உலக நன்மைக்காக அம்மன் இருக்கும் விரதம் என்றுதான் சொல்கிறார்கள். ரெண்டு கதையும் ஒன்றுக்கொன்று சண்டை இல்லை. ஒன்றில் கோபம் தணிகிறது, இன்னொன்றில் தாய்ப்பாசம் தெரிகிறது. எங்க அம்மன் ரெண்டும் உள்ளவள்.

மாரி என்றால் மழை. அம்மை என்றால் தாய், அம்மை என்றால் நோய். ஒரே தெய்வத்தின் பேரில் இத்தனையும் இருக்கிறது. மாசி பங்குனியில் வெயில் ஏறும்போது அம்மை போடும், அப்போது வீட்டில் வேப்பிலை சொருகுவோம், தாளிக்கமாட்டோம், கறி மீன் எடுக்கமாட்டோம், "ஆத்தா வந்திருக்கா" என்று சொல்லுவோம். பெரியம்மை இந்தியாவில் கடைசியாக வந்தது 1975இல். உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980இல். அது ஒழிந்தது தடுப்பூசியால். ஊர் ஊராகப் போய்க் குத்தினவர்களால். இதைச் சொல்வதால் எங்க அம்மனுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. எங்க அப்பா கையில் அந்தத் தழும்பு இருந்தது. அவர்தான் வருசா வருசம் தீச்சட்டி எடுத்தவர்.

இங்கேதான் அந்த ரெண்டாவது வகை நண்பர்களோடு எனக்குச் சண்டை. "காப்புக் கட்டினா ஊரை விட்டுப் போகக்கூடாதுன்னு சொன்னது நோய் பரவாம இருக்கத்தான், அதுதான் அந்தக் காலத்து ஊரடங்கு" என்று வாட்சப்பில் ஒரு தகவல் சுத்திக்கிட்டே இருக்கிறது. கொரோனா வந்த பிறகு அது இன்னும் வேகமாகச் சுத்துகிறது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க ஊர் திருவிழாவுக்கு நீங்க ஒரு தடவை வந்து பாக்கணும். காப்புக் கட்டின பிறகு கட்டிக் கொடுத்த பொண்ணு, மாப்பிள்ளை, பேரன் பேத்தி, திருப்பூருக்குப் போன பையன், எல்லாரும் ஊருக்குள் வந்து இறங்குவார்கள். ஒரு திண்ணையில் பத்துப் பேர் படுப்பார்கள். நோய் பரவாமல் இருக்கத் திட்டம் போட்டவர் யாரும் இப்படி ஒரு ஏற்பாடு செய்யமாட்டார். எல்லாத்துக்கும் ஒரு அறிவியலைத் தேடிப் பிடித்து ஒட்டவைக்க வேண்டியதில்லை. ஒட்டினது ஒருநாள் பெயர்ந்து வரும்போது கூடவே நல்லதையும் பிய்த்துக்கொண்டு வரும்.

அதே மாதிரி, உடம்பு இளைக்க இருக்கும் பட்டினியை விரதம் என்று சொல்லாதீங்க. அது தப்பு என்று சொல்லவில்லை, தாராளமா இருங்க. ஆனா அது உங்களுக்காக நீங்க இருப்பது. சமயபுரத்தாள் இருப்பது அடுத்தவங்களுக்காக. ரெண்டுக்கும் வயிறு காய்வது மட்டும்தான் பொது.

சரி, அறிவியல் வேண்டாம், மூடநம்பிக்கையும் இல்லை என்றால் வேறு என்னதான் இருக்கிறது என்று கேட்பீங்க. விவசாயியாக எனக்குத் தெரிந்ததைச் சொல்றேன். இது என் யோசனைதான், எந்தப் புராணத்திலும் இல்லை.

எங்க வயலின் வருசத்தைப் பாருங்க. மேட்டூர் ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவது வழக்கம். தை, மாசியில் சம்பா அறுப்பு முடிந்துவிடும். பத்தாயத்தில் நெல் இருக்கும் (இப்போது பத்தாயம் எங்கே இருக்கு, சாக்குதான்). கரும்பு வெட்டிப் புது வெல்லம் வந்திருக்கும். வெள்ளரிப் பிஞ்சு வரும். இளநீர் இருக்கும். மாடு வைக்கோல் தின்று பால் கறக்கும், மோருக்குப் பஞ்சம் இல்லை. அம்மனின் விரதச் சாப்பாட்டுப் பட்டியலை இதோடு வைத்துப் பாருங்க. புதுப் பச்சரிசி, புது வெல்லம், மோர், இளநீர், பழம். அந்த மாசத்தில் நெருப்பு வைக்காமல் நிலம் என்ன கொடுக்குமோ, அதைத்தான் அவள் சாப்பிடுகிறாள்.

இதில் எனக்கு ரொம்ப நாளாக ஒரு கேள்வி. பட்டினி கிடக்கிறது என்றால் சோறு இல்லாத மாசத்தில் அல்லவா கிடக்க வேண்டும்? வருசத்திலேயே நெல் நிறைய இருக்கும் மாசத்தில் எதற்குப் பட்டினி?

இதற்குப் பதில் ஆடியில் இருக்கிறது. ஆடி எங்களுக்கு வயிறு காயும் மாசம். தை நெல் தீர்ந்திருக்கும், குறுவை இன்னும் வயலில் நிற்கும். விதை, நடவு, எரு என்று கையில் இருக்கும் காசும் மண்ணுக்குள் போயிருக்கும். இன்றைக்கு ரேஷன் அரிசி இருப்பதால் தெரிவதில்லை. எங்கம்மா சின்ன வயசில் ஆடியில் ஒருவேளை சோறு என்றால் பெரிய விசயம். அந்த ஆடியில் அதே மாரியம்மனுக்கு நாங்கள் என்ன செய்கிறோம்? கூழ் ஊத்துகிறோம். வீட்டுக்கு வீடு கேழ்வரகோ கம்போ ஒரு படி வாங்கி, பொதுவில் அண்டா வைத்துக் காய்ச்சி, வந்தவர் போனவர் எல்லாருக்கும் ஊத்துகிறோம்.

புரியுதா? நெல் இருக்கிற மாசியில் அம்மன் பட்டினி கிடக்கிறாள். நெல் இல்லாத ஆடியில் அம்மன் பேரில் ஊரே சாப்பிடுகிறது. இருக்கும்போது கையைக் கட்டு, இல்லாதபோது கையை விரி. ஒரு விவசாயக் குடும்பத்தில் பெத்தவள் இதைத்தான் செய்வாள். அறுப்பு முடிந்த புதுசில் பத்தாயச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள், ஆடி வந்தால் கடைசிப் படியையும் பிள்ளைக்குப் போடுவாள். எனக்கு இந்த விரதத்தின் ஆதி அங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது. பட்டினியை மட்டும் தனியாகப் பிய்த்து எடுத்துப் பார்த்தால் அது அரைக் கதை. கூழையும் சேர்த்துப் பார்க்கணும்.

இப்போது எங்க ஜனங்கள் எப்படி விரதம் இருக்கிறார்கள் என்று சொல்றேன். மஞ்சளோ சிவப்போ துணி கட்டுவார்கள். சிலர் 28 நாளும் இருப்பார்கள், சிலர் பதினஞ்சு, சிலர் ஏழு. பெரும்பாலும் ஒருவேளைச் சாப்பாடு, அதுவும் தாளிக்காமல். மற்ற நேரம் மோர், பானகம், துள்ளுமாவு, பழம். பாயை விரித்துத் தரையில் படுப்பார்கள். சண்டை சச்சரவு, கெட்ட வார்த்தை கூடாது (இது ஆம்பளைங்களுக்கு அரிசிச் சோற்றை விடுவதைவிடக் கஷ்டம்). முடிக்கிறபோது பால்குடமோ தீச்சட்டியோ எடுத்து நடந்தே சமயபுரம் போவார்கள். வழி நெடுக நீர்மோர்ப் பந்தல் இருக்கும்.

வீட்டுக்கு ஒருத்தர் விரதம் என்றால் அந்த ஒருத்தர் யார்? பத்து வீட்டில் ஏழெட்டு வீட்டில் பொம்பளைதான். எதுக்காக இருக்கிறீங்க என்று கேட்டுப் பாருங்க. பையனுக்கு வேலை கிடைக்கணும். பொண்ணுக்குக் குழந்தை நிக்கணும். அவரு குடியை விடணும். தனக்காக என்று ஒருத்தரும் சொல்லமாட்டார்கள். குடிக்கிறது அவர், பட்டினி கிடக்கிறது இவங்க. இதுவும் சமயபுரத்தாள் காட்டிய வழிதான் என்று சொல்லலாம். ஆனா அவள் இருப்பது கருவறையில் நிழலில். இவங்க இருப்பது பங்குனி வெயிலில், என் வயலிலும் உங்களுக்கு உளுந்து வரும் எல்லா வயலிலும்.

பங்குனியில் எங்க பக்கம் உளுந்து அறுப்பு. சம்பா அறுக்க ஒரு வாரம் இருக்கும்போதே, நெற்பயிருக்குள்ளேயே உளுந்து விதைத்துவிடுவோம். மண்ணில் மிச்சம் இருக்கும் ஈரத்திலும் பனியிலும் அது வளர்ந்துவிடும். எழுபது நாளில் காய் முத்திவிடும். வெயில் ஏறினால் காய் வெடித்து மணி மண்ணில் சிந்தும். அதனால் விடியற்காலையில் செடியைப் பிடுங்கியாகணும். நீங்க சாப்பிடும் இட்லியில் இருக்கும் உளுந்து இப்படிக் குனிந்த முதுகோடு பிடுங்கினது. நாலைந்து மணி நேரம் நிமிராத வேலை. அந்த வேலைக்கு வருபவர்களில் பாதிக்குமேல் மஞ்சள் துணிக்காரர்கள்.

போன வருசம் பங்குனியில் பக்கத்து வயலில் ஒரு அக்கா கண்ணு இருட்டி வரப்பிலேயே உக்காந்துவிட்டார்கள். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது. எல்லாரும் ஓடினோம். வெயில் என்று ஒருத்தர் சொன்னார், "ஆத்தா இறங்கியிருக்கா" என்று இன்னொருத்தர் சொன்னார். கூட இருந்த பொண்ணுதான் விசயத்தைப் போட்டு உடைத்தது. அந்த அக்காவுக்குச் சர்க்கரை. காலையில் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு வேலைக்கு வந்துவிட்டார்கள். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை கிடுகிடு என்று இறங்கிவிடும். நீர்மோர்ப் பந்தலுக்கு வெல்லம் கரைத்து வைத்திருந்தார்கள். அந்தப் பானகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தோம். கால் மணி நேரத்தில் முகம் தெளிந்தது. அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நல்லபடியாகத் திரும்பினார்கள்.

அடுத்த நாள் பார்க்கப் போனபோது, "இனிமே சாப்பிட்டுட்டு மாத்திரை போடுங்கக்கா" என்று சொன்னேன். அதற்கு அந்த அக்கா கேட்டது: "ஆத்தாளே சாப்பிடாம கெடக்கா, நான் எப்படித் தம்பி சாப்பிடறது?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மருத்துவம் பேசலாம், ஆனா அது அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. பதில் சொன்னது எங்கம்மா. எழுபத்தஞ்சு வயசு, பள்ளிக்கூடம் போனதில்லை. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் முறத்தை வைத்துவிட்டுச் சொன்னார்கள்: "அவ எதுக்குடா பட்டினி கெடக்கா? புள்ளைங்க நல்லா இருக்கணும்னுதான? பெத்தவ பட்டினி கெடந்து சோறு போட்டா, புள்ளை தின்னாத்தான் அவளுக்குச் சந்தோசம். புள்ளையும் சேர்ந்து பட்டினி கெடந்தா அவ கெடந்தது வீணால்ல போவுது!"

எந்தச் சொற்பொழிவிலும் நான் இதைக் கேட்டதில்லை. ஆனா யோசித்துப் பாருங்க, கதையின் நேர் அர்த்தமே இதுதான். பச்சைப் பட்டினி என்பது அம்மன் நமக்காக இருப்பது. முடியாதவர்கள் பங்கையும் சேர்த்துத்தான் அவள் 28 நாள் இருக்கிறாள். முடிந்தவர்கள் அவளோடு சேர்ந்து இருக்கலாம், அது துணைக்கு இருப்பது மாதிரி. முடியாதவர்களுக்கு அது கடமை இல்லை. அவர்கள் பங்கை அவள் ஏற்கெனவே கட்டிவிட்டாள்.

சாஸ்திரம் பேசுபவர்களும் இதற்கு எதிராகச் சொல்ல முடியாது. ஏகாதசிக்கே எட்டு வயசுக்கு உள்ளேயும் எண்பதுக்கு மேலேயும் விலக்கு என்று அவர்கள் சொல்கிறார்கள். நோயாளிக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் கட்டாயம் இல்லை. அவ்வளவு கறாரான விரதத்துக்கே கதவு திறந்திருக்கும்போது, தாயே பிள்ளைக்காக இருக்கும் விரதத்தில் கதவைச் சாத்துவது யார்? சாமி இல்லை. பக்கத்து வீடு. "போன வருசம் இருந்தியே, இந்த வருசம் என்னாச்சு?" என்கிற கேள்வி. அதுக்குப் பயந்துதான் பாதிப் பேர் மாத்திரையையும் மறைக்கிறார்கள், மயக்கத்தையும் மறைக்கிறார்கள்.

"அவங்க நம்பிக்கை, அவங்க வயிறு, நீங்க ஏன் தலையிடறீங்க?" என்று ஒரு நண்பர் கேட்டார். வயிறு அவங்களது, சரி. வயல் யாரோடது? வேலை நேரம் யார் வைப்பது? கூலி யார் கொடுப்பது? விரதத்தைப் பற்றி நான் பேச வேண்டாம் என்றால் வேண்டாம். வேலையைப் பற்றி நான் பேசித்தான் ஆகணும். அதனால் இந்த வருசம் காப்புக் கட்டுவதற்கு முன்னால் கூடிய ஊர்க்கூட்டத்தில் மூணு விசயம் கேட்டேன்.

ஒண்ணு. காப்புக் கட்டியிருக்கும் நாட்களில் உளுந்து, பயறு வேலை காலை அஞ்சரைக்கு ஆரம்பித்துப் பத்து மணிக்கு முடியணும். கூலி முழுக்கூலி. "சாமிக்கு விரதம் இருக்கிறவங்களுக்கு நாம ஏன் கூலி கொடுக்கணும்?" என்று ஒருத்தர் கேட்டார். வெயில் ஏறினால் காய் வெடித்து நமக்குத்தானே நட்டம், பத்து மணிக்கு மேல் அந்த வேலையே கூடாது என்று கணக்குச் சொன்னதும் ஒத்துக்கொண்டார். பக்தியைவிடக் கணக்கு சீக்கிரம் வேலை செய்கிறது.

ரெண்டு. நீர்மோரும் பானகமும் ரோட்டோரப் பந்தலில் மட்டும் இல்லாமல் வயலுக்கும் வரணும். பந்தல் போட்டு, அதில் பெரிய பேனர் கட்டி, கார்க்காரர்களுக்கு மோர் கொடுக்கிறோம். நூறு கஜம் தள்ளி வரப்பில் விரதக்காரர்கள் குனிந்து நிற்கிறார்கள். இதற்கு யாரும் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. பையன்கள் ரெண்டு பேர் டிவிஎஸ்ஸில் கேனைக் கட்டிக்கொண்டு போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். கூடவே, சர்க்கரை, பிரசர் இருப்பவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் காப்பு மட்டும் கட்டிக்கொண்டு சாப்பிடலாம் என்று பூசாரி வாயாலேயே மைக்கில் சொல்லவைத்தோம். நான் சொன்னால் யார் கேட்பார்கள்? பூசாரி "ஆத்தா உத்தரவு" என்று சொன்னதும் அந்த அக்கா உட்பட நாலைந்து பேர் இந்தத் தடவை காப்போடு கஞ்சியும் குடித்தார்கள். பக்கத்து வீட்டு வாயும் மூடிவிட்டது.

மூணாவது நிறைவேறவில்லை. அது ஆடிக்கூழ் பற்றியது. எங்க ஊரில் கூழ் ரெண்டு அண்டாவில் காய்ச்சுகிறார்கள். ஊர்த்தெருவில் ஒன்று, காலனித்தெருவில் ஒன்று. விரதம் இருப்பது ஒரே அம்மனுக்கு. உளுந்து பிடுங்குவது ஒரே வயலில். அந்த அக்காவைத் தாங்கிப் பிடித்தது ரெண்டு தெருக் கையும்தான். பட்டினிக்குத் தெரு கிடையாது, கூழுக்கு மட்டும் எதற்குத் தெரு? ஒரே அண்டா வைப்போம் என்றேன். கூட்டம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "அதை ஆடிக்குப் பேசிக்கலாம்" என்று பெரியவர் ஒருத்தர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எங்க ஊரில் துண்டை உதறினால் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம்.

நகரத்து நண்பர்களுக்கு நான் கேட்பது இவ்வளவுதான். விரதம் இருந்தால் இருங்க, இல்லாவிட்டால் வேண்டாம். இருப்பவரைப் பார்த்துச் சிரிக்காதீங்க, இல்லாதவரைப் பார்த்து முறைக்காதீங்க. ஹோட்டலில் விரதச் சாப்பாடு என்று ஏழு கூட்டு வைத்த இலைக்கு வரிசையில் நிற்பதற்குப் பதில், நீங்க விட்ட ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசை எடுத்து வையுங்க. உங்க வீட்டில் வேலை செய்யும் அம்மாவோ வாசலில் நிற்கும் காவல்காரரோ விரதம் என்றால், அன்றைக்குக் கொஞ்சம் சீக்கிரம் அனுப்பிவிடுங்க. சம்பளத்தைப் பிடிக்காதீங்க. சர்க்கரை மாத்திரை போடும் உங்க அம்மாவும் மாமியாரும் விரதம் என்றால், எங்கம்மா சொன்னதை அப்படியே அவங்களிடம் சொல்லுங்க. டாக்டர் சொன்னால் கேட்காதவங்க இதைக் கேட்கிறார்கள், நான் பார்த்துவிட்டேன்.

சமயபுரத்துக்கு வந்தால் கூட்டத்தில் இடித்துக்கொண்டு போய் ஒரு நிமிசம் கும்பிட்டுவிட்டுத் திரும்பாதீங்க. துள்ளுமாவு கொடுத்தால் வாங்கி நின்று தின்னுங்க. அந்த அரிசி எங்க பக்கத்து அரிசி.

ஆடிக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு. பெரியவர் வீட்டுக்கு நான் அடிக்கடி போய்க்கொண்டுதான் இருக்கிறேன். போன வாரம், "ஒரே அண்டான்னா எவ்வளவு பெருசு வேணும்?" என்று அவரே கேட்டார். திருச்சி பெரிய கடைவீதியில் விசாரித்து வைத்திருக்கிறேன்.